மூன்று பற்களை வைத்து எலியின் சிற்றினத்தைச் சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஜம்முவில் ராம்நகரை ஒட்டிய சிவாலிக் படிவிலிருந்து (இமயமலை அடிவாரத்தில் மிகப் பழங்காலத்தில் ஆறுகள் படியவைத்த வண்டல்) ஒரு சாக்கு மண் எடுத்து ஊறவைத்து, ஒன்றரை மி.மீ. கண் உள்ள சல்லடையில் கழுவியிருக்கிறீர்கள். மூன்று பொருள்கள் கிடைத்தன: தேய்ந்த கடைவாய்ப்பல் ஒன்று, பாதி உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று, வெட்டுப்பல் துண்டு ஒன்று. செல்போனில் எடுத்த படத்தைப் போட்டு, "இது எந்த எலி? ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பல்லைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுகிறார்களே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அறிய விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயர் வைக்கும் வேலை எப்படி நடக்கிறது? அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டாவதற்குப் பதில் முதலாவதற்குள்ளேயே இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முடிவை முன்னாடியே சொல்லிவிடலாம். நல்ல நிலையில் உள்ள ஒரு மேல் முதல் கடைவாய்ப்பல் கிடைத்தால் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த குழுவை, பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். சிற்றினத்தை அப்படிச் சொல்ல முடியாது. சிற்றினம் என்பது ஒரு பல்லின் குணமல்ல, ஒரு கூட்டத்தின் குணம். ஒரே படுகையில், அதாவது ஒரே மண் அடுக்கில், எடுத்த பத்து, இருபது பற்களை அடுக்கி, அவற்றுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சே தொடங்குகிறது. கட்டுரையில் ஒரு பல்லின் படம்தான் அச்சாகியிருக்கும். அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பற்கள் இருக்கும்.

எலும்பை விட்டுப் பல்லையே ஏன் பிடித்துக்கொள்கிறோம் என்றும் கேட்டிருந்தீர்கள். எலியின் மண்டையோடு காகிதம்போல மெல்லியது. ஆற்று வண்டலில் அது முழுதாகத் தப்புவது மிக அரிது. எனாமல் தப்பிவிடும். சுண்டெலி, வயல் எலி வகையறாவுக்கு வாயில் 16 பற்கள்: ஒவ்வொரு அரைத் தாடையிலும் ஒரு வெட்டுப்பல், அப்புறம் வெற்றிடம், பின்னால் மூன்று கடைவாய்ப்பற்கள். இந்தக் கூட்டத்தில் கடைவாய்ப்பற்களுக்குப் பால்பல் கிடையாது, முன்கடைவாய்ப்பல்லும் கிடையாது. ஆகவே கிடைப்பது நிரந்தரப் பல்தானா என்று குழம்ப வேண்டியதில்லை. அணில் போன்றவற்றுக்கு அந்தச் சௌகரியம் இல்லை, அவற்றுக்குப் பால்பற்கள் உண்டு.

இனி சல்லடை. உங்கள் வேலையில் பிழை தொடங்கியது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சுண்டெலியின் மேல் முதல் கடைவாய்ப்பல்லே 2 மி.மீ.க்கு உட்பட்டது. மூன்றாவது கடைவாய்ப்பல் 1 மி.மீ.கூட இருக்காது. ஒன்றரை மி.மீ. கண்ணில் அந்தப் பற்கள் அத்தனையும் தண்ணீரோடு போயிருக்கும். தங்கியவை பெரிய எலிகளின் பற்கள் மட்டுமே. அதைப் பார்த்து "இந்தப் படிவில் சிறிய எலிகளே இல்லை" என்று யாராவது எழுதிவிட்டால், அது சல்லடையின் கண்ணைப் பற்றிய செய்தியே தவிர பழங்காலத்தைப் பற்றியது அல்ல. அரை மி.மீ. கண் உள்ள சல்லடையைப் பயன்படுத்துங்கள். மேலே 2 மி.மீ. சல்லடை ஒன்றை வைத்துக் கற்களை முதலில் பிரித்துக்கொண்டால் கீழ்ச் சல்லடை சீக்கிரம் அடைபடாது.

மண்ணை வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும். கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது போதாது, கட்டியை உடைத்தால் உள்ளேயும் ஈரம் இருக்கக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்த களி எத்தனை நாள் ஊறினாலும் கரையாமல் அப்படியே கிடக்கும். காய்ந்த கட்டி தண்ணீரில் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் அதற்குமேல் எதுவும் தேவையில்லை. உதிராவிட்டால் மண்ணெண்ணெய் முறை உண்டு. காய்ந்த கட்டிகளை ஒரு மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அதை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நுண்துளைகளுக்குள் புகுந்த எண்ணெயைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது களி விண்டுபோகும். ஈரமான களியில் எண்ணெய் இறங்காது, அதனால்தான் காயவைப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம். பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்பால் இறுகிய பாறையாக இருந்தால் 5 முதல் 10 சதவீத அசிட்டிக் அமிலம். அதிலும் கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்டைக் கலந்தால்தான் அமிலம் பல்லைத் தின்னாமல் இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், அது பல்லையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

கழுவும்போது சல்லடையைத் தொட்டித் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, மெல்ல மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பதும், மாவு சலிப்பதுபோல உள்ளங்கையால் தேய்ப்பதும் கூடாது. மணல் துகள் உரசி, பல்லின் மேற்பரப்பிலுள்ள மேடுகளான முகடுகளின் முனை உடைந்துவிடும். உங்கள் இரண்டாவது பல்லின் உடைப்பு வெள்ளையாக, புதிதாகத் தெரிகிறது. புதைந்திருந்தபோதே உடைந்திருந்தால் உடைந்த முகமும் மற்ற பரப்பைப் போலவே நிறமேறியிருக்கும். சல்லடையில் தங்கிய கசடை ஒரு முறை திரும்பத் தேடுங்கள், மற்றப் பாதி அதிலேயே இருக்க நிறைய வாய்ப்புண்டு.

கசடு அதிகமாக இருந்தால் கனத்திரவத்தில் பிரிக்கலாம். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, பல்லின் தாதுவான அபடைட்டுக்குச் சுமார் 3.1. சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலை 2.75 அளவில் வைத்தால் மணல் மிதக்கும், பல் அடியில் போகும். பழைய நூல்களில் வரும் புரோமோஃபார்ம் நச்சு, அதை விட்டுவிடுங்கள். காற்று நிறைந்த துளையுள்ள பல் சில சமயம் மிதந்துவிடும் என்பதால் மேலே மிதந்ததையும் ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது நல்லது. இதெல்லாம் முடிந்தபின் பத்து மடங்கு பெருக்கும் இருகண் நுண்ணோக்கியில், முனை நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவதுதான் வேலை. இதற்கு இன்னும் குறுக்குவழி வரவில்லை.

ஒரு சாக்கு மண் என்பது சோதனைக்குத்தான் சரி. 20 கிலோவில் ஒன்றிரண்டு பற்கள் கிடைத்தால் அந்த இடம் நல்ல இடம். பிறகு நூற்றுக்கணக்கான கிலோ கழுவ வேண்டியிருக்கும். ஒரு விலங்கின் 12 கடைவாய்ப்பற்களில் மேல் முதல் கடைவாய்ப்பல் இரண்டுதான், அதாவது ஆறில் ஒன்று. 15 மேல் முதல் கடைவாய்ப்பற்கள் வேண்டும் என்றால் சராசரியாக 90 கடைவாய்ப்பற்களாவது பொறுக்க வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். தடித்த சிவப்புக் களியைவிட, சின்னச் சின்னச் சுண்ணாம்பு உருண்டைகளும், நத்தை ஓட்டுத் துண்டுகளும், மீன் எலும்பும் கலந்த சாம்பல் நிற வண்டல் பட்டைகள் பெரும்பாலும் அதிகம் தரும். அவை பழைய ஓடைகளும் குட்டைகளும் நிரம்பிய இடங்கள்.

பல் கிடைத்ததும் முதல் கேள்வி, இது கொறித்துண்ணியின் பல்தானா? தமிழில் நாம் எலிக்கூட்டத்தோடு சேர்த்துப் பேசும் மூஞ்சூறு கொறித்துண்ணியே அல்ல. அது பூச்சி தின்னும் வேறு வரிசை. அதன் மேல் கடைவாய்ப்பல்லில் கன்னப் பக்கம் ஆங்கில 'டபிள்யூ' போன்ற கூரிய வரப்பு ஓடும், எலியிடம் அது இருக்காது. கொறித்துண்ணிதான் என்று தெளிந்தபின் மேல் தாடையா கீழ்த் தாடையா என்று பார்க்க வேண்டும். எலியின் கீழ் முதல் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு முதன்மை வேர்கள், மேலுள்ளதற்கு மூன்றோ அதற்கு மேலோ. மேல் பல்லின் முகடுகள் பின்பக்கம் சாய்ந்திருக்கும், கீழ்ப் பல்லில் முன்பக்கம். உங்கள் முதல் பல்லில் மூன்று வேர்க் குழிகள் தெரிகின்றன, முன்பகுதி நீண்டிருக்கிறது. அது மேல் முதல் கடைவாய்ப்பல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டுரைகளில் பெரிய எழுத்து 'எம்1' என்று வருவது இதுதான். சிறிய எழுத்தில் வந்தால் கீழ்ப் பல்.

இப்போது அந்தப் பல்லின் மேற்பரப்பைக் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் சிவாலிக்கில் முழுக் கதையும் அதில்தான் எழுதியிருக்கிறது. எலி, சுண்டெலிகளின் மேல் முதல் கடைவாய்ப்பல்லில் முகடுகள் மூன்று குறுக்கு வரிசையாக நிற்கும். முன்வரிசையில் நாக்குப் பக்கத்திலிருந்து கன்னப் பக்கம் டி1, டி2, டி3. நடுவரிசையில் டி4, டி5, டி6. பின்வரிசையில் டி7, டி8, டி9. பல பேரினங்களில் டி7 இருக்காது. இந்த எண் முறை 1912-இல் விலங்கியலாளர் மில்லர் வைத்தது, இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் வளைந்து, நடு முகடு முன்னே துருத்தி, அம்பு முனைபோல இருக்கும். எலிகளுக்கு முன்பிருந்த பழைய வகைகளில், எடுத்துக்காட்டாக மெகாகிரிசெட்டோடானில், இப்படி மூன்று மூன்றாக இல்லை. முகடுகள் இரண்டு இரண்டாக நின்று, நடுவில் முன்பின்னாக ஓடும் ஒரு வரப்பு அவற்றை இணைத்தது. நாக்குப் பக்கத்து டி1-உம் டி4-உம் பின்னால் வந்து சேர்ந்தவை.

அந்தச் சேர்க்கையின் நடுக்கட்டத்தைப் பிடித்துக் காட்டும் எலிதான் அன்டெமஸ் சின்ஜியென்சிஸ். பாகிஸ்தானின் பொட்வார் மேட்டில், சின்ஜிப் படிவில் கிடைத்த பற்களுக்கு 1977-இல் தொல்லுயிரியலாளர் லூயிஸ் ஜேக்கப்ஸ் வைத்த பெயர். காலம் ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன். நாக்குப் பக்கத்து முகடுகள் அதில் வந்துவிட்டன, ஆனால் பக்கத்து முகடுகளோடு வரப்பால் முழுதாக இணைந்து அம்பு முனையாகவில்லை. அதற்குப் பிந்திய புரோகோனோமிஸ் என்ற பேரினத்தில் இணைப்பு முடிந்துவிடுகிறது, முன்பின் வரப்பு மறைந்துவிடுகிறது. பிறகு கார்னிமாட்டா என்ற இன்னொரு கிளை தெரிகிறது. அதில் டி1 முன்னோக்கி வந்து டி3-க்கு ஏறக்குறைய எதிரில் நிற்கும். புரோகோனோமிஸிலிருந்து சுண்டெலியின் பேரினமான மஸ் வரை நீளும் வழியில் டி1 பின்தங்கியே நிற்கும், பல்லின் முன்பகுதி நீளும். மஸ் பேரினத்தில் முதல் கடைவாய்ப்பல் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அவற்றைவிட நீளமாகிவிடுகிறது. மேல் சிவாலிக் படிவுகளில் மஸ் பற்களே கிடைக்கின்றன. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் பட்நாயக் அவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

சரி, உங்கள் பல் அன்டெமஸா, புரோகோனோமிஸா? டி4 பக்கத்து டி5-ஐத் தொடுவதுபோலப் படத்தில் தெரிவதால் புரோகோனோமிஸ் என்று நினைத்திருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். உங்கள் பல் நன்றாகத் தேய்ந்தது. முகடுகள் மலைகள், இடையிலுள்ளவை பள்ளத்தாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிகள் தேயத் தேய மலைகளின் அகன்ற அடிவாரங்கள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புதிய பல்லில் தனித்தனியாக நின்ற டி4-உம் டி5-உம் தேய்ந்த பல்லில் கைகோத்து நிற்பதுபோலத் தெரியும். நன்கு தேய்ந்த அன்டெமஸ் பல் லேசாகத் தேய்ந்த புரோகோனோமிஸ் பல்போலவே இருக்கலாம். ஒரே அளவு தேய்ந்த பற்களை மட்டும்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கட்டுரையில் அச்சாகும் படம் பெரும்பாலும் அழகான, தேயாத பல்லாகத்தான் இருக்கும். உங்கள் தேய்ந்த பல்லை அதோடு வைத்துப் பார்த்தால் விடை தவறாகவே வரும். செய்யக்கூடியது ஒன்று உண்டு: பல்லைப் பக்கவாட்டில் திருப்பி, இரு முகடுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். பள்ளம் வேரருகே வரை இறங்கினால் இணைப்பு தேய்மானத்தால் வந்தது. பாதியிலேயே உண்மையான வரப்பு குறுக்கே நின்றால் அது பல்லின் அமைப்பு.

அளவெடுப்பதிலும் இதேபோல் ஒரு பொறி இருக்கிறது. நீளம், அகலம் இரண்டையும் நூறில் ஒரு மி.மீ. வரை கொடுக்கிறோம், அந்த நுட்பம் பல்லை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் நிற்கிறது. குண்டூசித் தலையில் துளி மெழுகு வைத்துப் பல்லை ஒட்டி, எனாமலின் கீழ்விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். 15 டிகிரி சாய்ந்துவிட்டால் 1.80 மி.மீ. உள்ள பல் 1.74 ஆகத் தெரியும். இரண்டு நெருங்கிய சிற்றினங்களின் சராசரிகளுக்கு இடையே சில நேரம் இருக்கும் வித்தியாசமே அவ்வளவுதான். ஒரே பல்லை மூன்று நாள் மூன்று முறை ஒட்டி அளந்து பாருங்கள். உங்கள் கையின் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும், அதையும் அளவுப் பட்டியலோடு எழுதுங்கள். சயனோஅக்ரிலேட் பசை வேண்டாம், அது பள்ளங்களை நிரப்பிவிடும், பிறகு எடுக்கவும் முடியாது. உடைந்த பல்லை உறுதியாக்க அசிட்டோனில் மெலிதாகக் கரைத்த பேரலாய்டு பி-72 என்ற பிசின் போதும், வேண்டும்போது திரும்பக் கரைத்து எடுத்துவிடலாம்.

அளவுகள் வந்தபின் கேட்க வேண்டியது, இந்தக் குவியலில் ஒரு சிற்றினமா இரண்டா என்பது. இன்று உயிரோடுள்ள எலிகளில் ஒரு சிற்றினத்துக்குள் முதல் கடைவாய்ப்பல் நீளத்தின் மாறுபாட்டுக் கெழு (அளவுகளின் சிதறல் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) பொதுவாக 3 முதல் 7 சதவீதத்துக்குள் நிற்கும். 10-ஐத் தாண்டினால் இரண்டு வகை கலந்திருக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும். கணக்காகச் சொன்னால், சராசரி 1.80 மி.மீ., மாறுபாடு 5 சதவீதம் என்றால் பெரும்பாலான பற்கள் 1.62-க்கும் 1.98-க்கும் இடையில் விழும். ஆகவே 1.65-இல் ஒரு பல்லும் 1.95-இல் ஒரு பல்லும் கையில் இருந்தால், "ஒன்று சின்ன எலி, ஒன்று பெரிய எலி" என்று பிரிக்க ஒரு நியாயமும் இல்லை. அளவுப் புள்ளிகளை வரைபடத்தில் இட்டால் நடுவே தெளிவான இடைவெளி தெரிய வேண்டும், அந்த இடைவெளியின் இரு பக்கமும் வடிவத்திலும் ஒரு வேறுபாடு இருக்க வேண்டும். இரண்டும் கூடி வந்தால்தான் நான் இரண்டு சிற்றினம் என்று ஒப்புவேன். மூன்றாவது கடைவாய்ப்பல்லை இதற்கு நம்பாதீர்கள், அது ஒரே சிற்றினத்துக்குள்ளேயே தாறுமாறாக மாறும்.

உங்கள் உடைந்த பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ஜி காலத்துப் படிவில் எலிக்குடும்பம் மட்டும் இல்லை. மூங்கில் எலிகளின் உறவான கனிசாமிஸ், டெனோடாக்டிலிட் என்ற இன்னொரு கொறித்துண்ணிக் குடும்பத்தின் சாயிமிஸ், அணில்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் துண்டில் தனி முகடுகள் இல்லை, எனாமல் மடிப்பு ஒன்று உள்நோக்கிப் போகிறது. கனிசாமிஸாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, அதற்குமேல் பாதிப் பல்லை வைத்துச் சொல்வது சரியல்ல. வெட்டுப்பல் துண்டு சிற்றினத்துக்கு உதவாது, பெருங்குழுவுக்கு உதவும். அதைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எனாமல் பட்டைகளின் அமைப்பு தெரியும். எலி, அணில் கூட்டங்களில் ஒவ்வொரு பட்டையும் ஒரே ஒரு எனாமல் தண்டின் அகலம், சாயிமிஸ் கூட்டத்தில் பல தண்டுகளின் அகலம். வெட்டினால் அந்தத் துண்டு போய்விடும், ஆகவே நிறையத் துண்டுகள் சேர்ந்த பிறகு செய்யலாம்.

பெயர் எழுதும் முறையிலேயே உறுதியின் அளவு குறிக்கப்படுகிறது. கட்டுரை படிக்கும்போது பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பேரினமும் சிற்றினமும் வெறுமனே எழுதப்பட்டிருந்தால் ஆசிரியர் முழுப் பொறுப்பேற்கிறார். நடுவில் 'கன்ஃபர்' என்பதன் சுருக்கம் வந்தால் "இதுதான் போலிருக்கிறது, சான்று போதவில்லை" என்று பொருள். 'அஃபினிஸ்' சுருக்கம் வந்தால் "இதற்கு நெருங்கியது, ஆனால் இது அல்ல". பேரினத்துக்குப் பின் 'ஸ்பீஷீஸ்' என்ற சுருக்கம் மட்டும் நின்றால், சிற்றினம் சொல்ல முடியவில்லை என்ற நேர்மையான ஒப்புதல். உங்கள் முதல் பல்லுக்கு இன்றைய நிலையில் "எலிக்குடும்பம், பேரினம் முடிவாகவில்லை" என்றுதான் எழுதுவேன். தேய்மானம் குறைந்த இன்னொரு பல் கிடைத்தால் பேரினம் வரை போகலாம்.

எது உறுதி, எது ஐயம் என்று கேட்டீர்கள். பொட்வாரில் அன்டெமஸ் போன்ற பற்கள் கீழே, புரோகோனோமிஸ் மேலே, மஸ் அதற்கும் மேலே என்ற வரிசை உறுதியானது. அங்கே படிவுகளின் காலம் எலிகளைச் சாராமல், பாறையில் பதிந்த பூமியின் காந்தத் திசை மாற்றங்களைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஆனால் அன்டெமஸ் எங்கே முடிந்து புரோகோனோமிஸ் எங்கே தொடங்குகிறது என்ற கோடு நாம் போட்டது. நடுவில் கிடைக்கும் பற்கள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆய்வாளர்களே அவற்றுக்கு முறையான பெயர் வைக்காமல் இடைப்பட்ட வடிவம் என்று விட்டிருக்கிறார்கள். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. மெல்ல மெல்ல மாறிய ஒன்றில் கூர்மையான எல்லையை எதிர்பார்ப்பதுதான் தவறு.

இந்தப் பற்களின் உறவுமுறையைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு இதே வரிசையில் இருக்கிறது. சுண்டெலியும் பெரிய எலியும், அதாவது மஸ்ஸும் ராட்டஸும், பிரிந்தது 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று புரோகோனோமிஸ் பற்களை வைத்து ஒரு கணக்கு இருந்தது. மரபணுக் கடிகாரத்தை ஓட்டுகிறவர்கள், அதாவது மரபணு வேறுபாடுகளை வைத்து உயிரினங்கள் பிரிந்த காலத்தைக் கணிப்பவர்கள், பலர் அந்த எண்ணைத்தான் நேரம் திருத்தும் புள்ளியாக வைத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் மிக அதிகம் படிக்கப்பட்ட இரண்டு விலங்குகள் ஆயிற்றே. 2015-இல் யூரி கிமுரா, ஜேக்கப்ஸ், லாரன்ஸ் ஃபிளின் முதலானோர் பற்களை மறுபடி ஆராய்ந்து, முன்பு நினைத்ததுபோலக் கார்னிமாட்டா கிளை ராட்டஸ் பக்கம் போகவில்லை, ஆப்பிரிக்கப் புல்வெளி எலியான ஆர்விகாந்திஸ் சேர்ந்த கூட்டத்தின் பக்கம் போகிறது என்று காட்டினார்கள். சிவாலிக் பற்கள் காட்டும் பிரிவு மஸ்ஸுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையிலானது, காலம் சுமார் 1.1 கோடி ஆண்டு. பற்கள் மாறவில்லை. டி1 எங்கே நிற்கிறது என்பது போன்ற நுண்ணிய குணங்களை யாருடைய உறவாகப் படிப்பது என்பதுதான் மாறியது. இதனால்தான் மாணவர்களிடம் பல்லின் விவரிப்பைப் பெயரைவிட முதலில், பெயரைவிட நீளமாக எழுதச் சொல்கிறோம். பெயர் மாறலாம், நல்ல விவரிப்பு நூறு ஆண்டு கழித்தும் பயன்படும்.

ராம்நகரில் இன்னொரு கவனமும் வேண்டும். அங்குள்ள படிவுகளின் வயதே பெரிதும் அவற்றில் கிடைத்த விலங்குகளைப் பொட்வாரோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது, அதில் எலிப் பற்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2020-இல் பெயர் சூட்டப்பட்ட காபி ராம்நகரென்சிஸ் என்ற வாலில்லாக் குரங்குக்குச் சொல்லப்படும் 1 கோடியே 25 லட்சம் முதல் 1 கோடியே 38 லட்சம் ஆண்டு என்ற வயது அப்படிப்பட்ட ஒப்பீட்டில் வந்தது. (அந்தக் குரங்கே ஒரே ஒரு கீழ் மூன்றாம் கடைவாய்ப்பல்லை வைத்துப் பெயர் பெற்றது. ஒரு பல் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு அது விதிவிலக்கு. அந்தப் பல் தெரிந்த எல்லா வகைகளிலிருந்தும் தெளிவாக விலகி நின்றதால் அங்கே முடிந்தது. நெருங்கிய சிற்றினங்கள் குவிந்து கிடக்கும் எலிகளில் அப்படி அமைவது அபூர்வம்.) எலியை வைத்துப் படிவுக்கு வயது சொல்லிவிட்டு, அந்த வயதை வைத்து "இங்கே இந்த எலி மற்ற இடங்களைவிட முன்னதாகவே வந்துவிட்டது" என்று எழுதினால் அது தன் வாலைத் தானே பிடிக்கும் வாதம்.

இன்னும் ஒரு எல்லை இருக்கிறது, அதை எந்த நுண்ணோக்கியும் தாண்டித் தராது. இன்று இந்திய வயல்களில் மஸ் பூடுகா, மஸ் டெரிக்கலர் என்று இரண்டு சுண்டெலிகள் இருக்கின்றன. குரோமோசோமைப் பார்த்தால் வேறு வேறு, பற்களை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். உயிரோடு ஓடுகிறவற்றிலேயே இந்த நிலை என்றால், 1.3 கோடி ஆண்டுப் பல்லில் நாம் 'ஒரு சிற்றினம்' என்று சொல்வதற்குள் இரண்டு மூன்று உண்மையான சிற்றினங்கள் ஒளிந்திருக்கலாம்.

கிடைத்த பல் அந்தப் படிவின் வயதுடையதுதானா என்பதையும் சோதியுங்கள். எலி வளை தோண்டும் விலங்கு. இன்றைய எலி பழைய படிவுக்குள் செத்துக் கிடக்கும். புதிய பல் வெண்மையாக, சற்றே ஊடுருவித் தெரியும். பழையது கரும்பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும், வேரின் டென்டினிலும் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் பகுதி) அந்த நிறம் இறங்கியிருக்கும். எனாமல் மழுங்கி, அரித்ததுபோல இருந்தால் ஆந்தை போன்ற வேட்டைப் பறவையின் வயிற்றுக்குள் போய் வந்த பல்லாக இருக்கலாம். அது கெடுதல் அல்ல, பல படிவுகளில் எலிப் பற்கள் குவிந்ததே அப்படித்தான். ஆனால் ஆந்தை பல இடங்களில் வேட்டையாடும், ஆகவே அந்தக் குவியல் ஒரு வயலின் எலிகள் என்று கொள்ள முடியாது.

கண் பழக, உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. பாழடைந்த கட்டடங்களில் கூகை ஆந்தை கக்கிய உருண்டைகளைக் கையுறை போட்டு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். சுண்டெலி, வெள்ளெலி, வயல் எலி, மூஞ்சூறு என்று பல மண்டையோடுகள் பற்களோடு வரும். ஒவ்வொன்றிலும் இளம் பல், முதிர்ந்த பல் இரண்டையும் வரைந்து பழகினால் தேய்மானம் பல்லை எப்படி மாற்றுகிறது என்பது கையிலேயே வந்துவிடும். வெள்ளெலியின் மேல் வெட்டுப்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு இருக்கும், சுண்டெலியில் இருக்காது. ஆந்திராவில் கர்னூல் பக்கத்துப் பில்லசுர்கம் குகைகளில் 1880-களில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகனும் தோண்டி எடுத்த எச்சங்கள் போன்ற, காலத்தால் நமக்கு நெருங்கியவற்றுக்கு இந்த ஒப்பீட்டுத் தொகுப்பே பெரும்பகுதி போதும். சிவாலிக்குக்கு அருங்காட்சியக மாதிரிகளோ அவற்றின் அச்சுகளோ வேண்டும்.

உங்கள் மூன்று பற்களுக்கு இப்போது செய்ய வேண்டியது: தனித்தனிக் குப்பியில் போடுங்கள். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, படுகையின் பெயர் அல்லது அடியிலிருந்து எத்தனையாவது மீட்டர், எடுத்த தேதி, கழுவிய மண்ணின் எடை, சல்லடையின் கண் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். முதல் பல்லை நேர் மேலிருந்து, நாக்குப் பக்கத்திலிருந்து, முன்னிருந்து என மூன்று படம், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலோடு எடுத்துப் போடுங்கள். டி4, டி5 நடுவிலுள்ள பள்ளம் தெரியும்படி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் அன்டெமஸா புரோகோனோமிஸா என்பதில் ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். மீதிக் கசடைக் கொட்டிவிடாதீர்கள்.